தெற்கு மலையின் இரு வாயில்கள்

நெய்யாற்று அணைக்கட்டை அடுத்து அமைந்த சிற்றூர் கள்ளிக்காடு. பெயரைக் கேட்டவுடன் கவிஞர் வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ அன்பர்கள் நினைவுக்கு வரக்கூடும். அது வைகை அணையின் நீரில் மூழ்கிய ஊர்களின் கதை. யான் சொல்லப் புகுவது, பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் வடக்கே, கேரள மண்ணில், மலையடிவாரத்தில் இருக்கும் மற்றொரு கள்ளிக்காட்டைப் பற்றியது. அணைக்கரையில் நின்று கிழக்கே நோக்கினால் கண்ணுக்கு எட்டிய மட்டும் நீல மலைத்தொடர். அதன் நடுவே அகத்தியர் கூடம் என்னும் பொதிகையின் உச்சி, 1,868 மீட்டர் உயரத்தில் மேகத்தைத் தொட்டு நிற்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில் அங்கே நின்றுகொண்டிருந்தேன். உடனிருந்தவன் என் நண்பருடைய பேரன், பள்ளிச் சிறுவன். அவர்களுடைய குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன் அம்பாசமுத்திரத்திலிருந்து பிழைப்புக்காக இப்பக்கம் வந்து நிலைத்த குடும்பம். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம். அவன் மலையைக் காட்டி, “தாத்தா, நம்ம ஊரு இந்த மலைக்கு அந்தப் பக்கம்தானே? அப்போ நாம எப்படி இங்க வந்தோம்?” என்று கேட்டான்.

சிறுவன் கேட்ட வினாவாயினும், இது நம்மைப் போன்ற குடும்பங்கள் ஒவ்வொன்றின் வரலாற்றையும் தொடும் வினா. மலையை ஒரு மதில் என்றும், மதிலுக்கு அப்பால் இருப்பது நம் நாடு என்றும், இப்பால் இருப்பது வந்தேறிய இடம் என்றும் நம் பிள்ளைகள் எண்ணி வளர்கின்றனர். அவ்வெண்ணம் சரியா? அம்மலையின் கணவாய்களை வரலாற்றின் துணையோடும், இளமையில் ஓட்டிய ஒரு மிதிவண்டியின் துணையோடும் கண்டவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த விடையை இக்கட்டுரையில் தர முயல்கிறேன்.

மதிலும் வாயிலும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிப் பகுதியில் இரண்டே பெருவாயில்கள் உள்ளன. தெற்கே ஆரல்வாய்மொழி, வடக்கே ஆரியங்காவு. இவ்விரண்டுக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அத்தனை தொலைவிலும் மலைமுகட்டைக் கடந்து செல்லும் வண்டிச்சாலை ஒன்றுகூட இன்றுவரை இல்லை. மேற்குச் சரிவில் நெய்யாறு வனவிலங்குச் சரணாலயம். அது 1958-இல் அமைந்தது, பரப்பு 128 சதுர கிலோமீட்டர். கிழக்குச் சரிவில் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். அது 1988-இல் அமைந்தது. கள்ளிக்காட்டிலிருந்து அம்பாசமுத்திரம் பறவைக்கு 40 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கும். மனிதனுக்கோ எந்த வாயில் வழியாகச் சுற்றினாலும் 100 கிலோமீட்டருக்கு மேல்.

ஆயினும் இம்மலை இரு நாட்டையும் ஊட்டி வளர்க்கும் தாய். இதே மலைத்தொகுதியில் பிறந்து மேற்கே இறங்கும் நெய்யாறு பூவாற்றில் அரபிக் கடலைச் சேர்கிறது. கிழக்கே இறங்கும் தாமிரபரணி புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. இக்காட்டின் முதற்குடிகளான காணிக்காரர் மலையின் இரு சரிவிலும் வாழ்கின்றனர். அவர்களுக்கு எல்லைக்கல் நேற்று வந்தது.

சொல் ஒன்றையும் ஈண்டு நோக்குதல் தகும். நாம் ‘கணவாய்’ என்பதை மலையாளத்தார் ‘சுரம்’ என்கின்றனர். அச்சொல் நமக்குப் புதிதன்று. பாலைத்திணையில் தலைவன் பொருள் தேடிக் கடந்து செல்லும் அரிய வழியைச் சங்கப் புலவர்கள் சுரம் என்றே குறித்தனர். நம் பேச்சில் அச்சொல் வழக்கொழிந்தது. மலைக்கு மேற்கே அது மலைவழியின் பெயராக இன்றும் பேருந்து நடத்துநரின் வாயில் வழங்குகிறது. பொருள்வயிற் பிரிந்து சுரம் கடந்த குடும்பங்களின் வழிவந்த நமக்கு இச்சொல் இரட்டை உரிமையுடையது அன்றோ?

தடம் பதித்த முன்னோர்

பொதியில் மலைத் தலைவனாகிய ஆய் அண்டிரனை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடிய செய்தியைப் புறநானூறு பயின்றோர் அறிவர். ஆய்குடியினர் மலையின் ஒரு புறத்தை மட்டும் ஆண்டவர் அல்லர். கிழக்கே தென்காசியை அடுத்து ஆய்குடி என்னும் ஊர் இன்றும் உண்டு. மேற்கே விழிஞமும் பார்த்திவபுரமும் அவர்களுடைய ஊர்களாயின. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் எழுதிய தாலமி இப்பகுதியில் ஆய் நாட்டையும், ‘பெட்டிகோ’ என்னும் மலையையும் குறிக்கிறார். அம்மலை பொதிகையே என்பது அறிஞர் பலரின் துணிபு. கி.பி. 866-இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவபுரத்தில் கோயிலும் மாணவர் தங்கிப் பயிலும் சாலையும் நிறுவியதை அவனுடைய செப்பேடு கூறுகிறது.

படைகளும் இவ்வாயில்கள் வழியே வந்தன. 8-ஆம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் விழிஞத்தை அழித்ததைச் சீவரமங்கலச் செப்பேடு பேசுகிறது. ஆரல்வாய்மொழிக்கு இப்பால் பூதப்பாண்டி என்றும், அழகியபாண்டியபுரம் என்றும் ஊர்ப்பெயர்கள் இருப்பது பாண்டியர் கால்பதித்த கதையைத் தாமே சொல்லும்.

ஆனால் படைகளைவிட மென்மையான ஒரு தடமே என்னை மிகவும் கவர்ந்தது. அருமனையை அடுத்த சிதறால் மலையில் சமணப் பள்ளி ஒன்று இருந்தது. திருச்சாரணத்து மலை என்பது அதன் பழம்பெயர். 9-ஆம் நூற்றாண்டின் ஆய் மன்னன் வரகுணன் காலத்துக் கல்வெட்டு அங்கே உள்ளது. மலைக்கு அப்பால், கிழக்கே நெடுந்தொலைவில் இருக்கும் கழுகுமலைக் கல்வெட்டுகளில் ‘திருச்சாரணத்துக் குரத்தியர்’ குறிக்கப்படுகின்றனர். குரத்தி என்றால் பெண் குரு. காலில் செருப்பின்றி, வண்டி ஏறாமல் நடப்பது சமணத் துறவியரின் நெறி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மலையின் இரு புறத்துப் பள்ளிகளையும் பெண்மக்கள் நடந்தே இணைத்தனர் என்றால், மலை யாரை மறித்தது?

பிற்காலத்தே வந்த வெள்ளையரும் இம்மலையை அளந்தனர். 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்னும் படையதிகாரிகள் திருவிதாங்கூரை முழுவதும் நில அளவை செய்தனர். திருவனந்தபுரம் வானிலை ஆய்வுக்கூடத்தின் தலைவராயிருந்த ஜான் ஆலன் புரூன் 1855-இல் அகத்தியர் மலையின் மீதே ஓர் ஆய்வுக்கூடம் கட்டினார். கருவிகளைச் சுமந்து, காட்டை வெட்டி வழி அமைத்து ஏறியவர்கள் பெயரற்ற கூலியாட்களே.

மிதிவண்டி மலையேறிய கதை

இனி மிதிவண்டிக்கு வருவோம். இரு சக்கரமும் ஒத்த அளவாய், சங்கிலியால் இயங்கும் மிதிவண்டி இங்கிலாந்தில் 1885-இல் உருவானது. 1888-இல் டன்லப் காற்றடைத்த சக்கர உறையைக் கொண்டுவந்தார். பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற மிதிவண்டிப் பந்தயம் 1910-இல் முதன்முறையாகப் பிரனீசு மலையின் உயர்ந்த கணவாய்களைக் கடந்தது. அவற்றுள் டூர்மலே என்னும் கணவாய் 2,115 மீட்டர் உயரம். ஏற்றத்துக்குப் பல்சக்கரம் மாற்றும் கருவியை அப்பந்தயத்தில் 1937 வரை அனுமதிக்கவில்லை என்றால், அந்நாளைய வீரர் பட்ட பாட்டை ஊகித்துக்கொள்ளலாம். அந்நாட்டிலேயே 1972-இல், நூறு கணவாய்களைத் தம் கால்வலியால் கடந்தவர்களுக்கென்றே ஒரு கழகம் தோன்றியது. பரிசு இல்லை, பந்தயம் இல்லை. கடந்தோம் என்னும் மனநிறைவு ஒன்றே பயன்.

நம் நாட்டில் மிதிவண்டி இன்ப உலாவுக்கு வந்ததன்று; உழைப்புக்கு வந்தது. 1949-இல் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் நிறுவனம் தொடங்கியபின் ஹெர்குலிஸ் வண்டி நம் ஊர்களில் பரவியது. பல்சக்கரம் ஒன்றே, ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளவேண்டும். பின்னிருக்கையில் வாழைத்தாரும் மரச்சீனிக் கிழங்கும் மீன்கூடையும் ஏற்றிக்கொண்டு எல்லை ஊர்களில் சென்றவர் எத்தனையோ பேர். 1960-களிலும் அதன் பின்னும் மாநிலம் விட்டு மாநிலம் அரிசி கொண்டு செல்லக் கட்டுப்பாடு இருந்த நாட்களில், களியக்காவிளைப் பக்கத்து ஊடுவழிகளில் இருளோடு இருளாக அரிசி மூட்டையைச் சுமந்ததும் இம்மிதிவண்டியே. அது சட்டத்துக்குப் புறம்பு என்பது உண்மை. அப்புறத்து அரிசியே இப்புறத்து அடுப்பில் வெந்தது என்பதும் உண்மை.

தெற்கு வாயில்

அப்படிப்பட்ட ஒரு பழைய வண்டியில்தான் யானும் என் நண்பரும் இளமையில் இவ்வாயில்களைக் கண்டோம். முதற்பயணம் தெற்கே. கள்ளிக்காட்டிலிருந்து ஒற்றசேகரமங்கலம், வெள்ளறடை, பனச்சமூடு, அங்கே எல்லை. எல்லை என்று பலகை சொல்கிறதேயன்றி மண் சொல்லவில்லை. அதே செம்மண், அதே ரப்பர்த் தோட்டம், அதே மரச்சீனி. பின் அருமனை, குலசேகரம், சுருளோடு வழியாக மலையடிவாரத்தை ஒட்டியே ஏறியும் இறங்கியும் சென்று அழகியபாண்டியபுரத்தை அடைந்தால் நாஞ்சில் நாட்டு வயல்வெளி விரியும். பொதுவுடைமை இயக்கத் தலைவர் ப. ஜீவானந்தம் பிறந்த பூதப்பாண்டியைக் கடந்து, பூக்கள் மணக்கும் தோவாளையைத் தாண்டினால் ஆரல்வாய்மொழி.

இக்கணவாயில் ஏற்றம் மிகக் குறைவு. இங்கே மிதிவண்டிக்காரனுக்குச் சோதனை காற்றுதான். தென்மேற்குப் பருவக்காற்று இந்த இடைவெளியில் நெருக்குண்டு பாயும். கிழக்கே செல்பவனை அது முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். மேற்கே திரும்புபவனோ சமதரையிலும் இறங்கித் தள்ளவேண்டும். இன்று முப்பந்தலில் நிற்கும் காற்றாலைகள் அதே காற்றை மின்சாரமாக்குகின்றன.

வாயில் எளிதாயிருந்ததால் காவல் கடுமையாயிற்று. 1741-இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பின் திருவிதாங்கூரின் படைத்தலைவராக உயர்ந்த டிலனாய் இங்கே மலையிலிருந்து கடல் நோக்கி அரண்வரிசையை வலுப்படுத்தினார். 1809-இல் திவான் வேலுத்தம்பி ஆங்கிலக் கும்பினியை எதிர்த்து எழுந்தபோது, கர்னல் செயிண்ட் லெஜரின் படை பிப்ரவரி 10-ஆம் நாள் இவ்வரணைக் கைப்பற்றியது. மேஜர் வெல்ஷ் தலைமையில் ஒரு பிரிவு இரவோடிரவாக மலைப்பக்கமாக ஏறி மேலிருந்து தாக்கியதால் அரண் வீழ்ந்தது. வாயில் விழுந்ததும் நாடும் பணிந்தது. சில வாரங்களில் வேலுத்தம்பி மண்ணடியில் உயிர் நீத்தார்.

போர் ஓரிரு நாள். வாணிகமோ ஆண்டு முழுவதும். திவான் கேசவதாசர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவை உருவாக்கியபின், பாண்டி நாட்டு வணிகர் பலர் அங்கே கடை வைத்தனர். நம் குடும்பங்களில் பல அவ்வாறு வந்தவையே. தோவாளைப் பூ இன்றும் விடியுமுன் அதே வழியாகத் தலைநகர் சேர்கிறது.

வடக்கு வாயில்

இரண்டாம் பயணம் வடக்கே. கள்ளிக்காட்டிலிருந்து ஆரியநாடு, விதுரை, பாலோடு, மடத்தறை, குளத்துப்புழை, தென்மலை. தெற்கு வழி ஊர்களின் வழி. வடக்கு வழி காட்டின் வழி. குளத்துப்புழையில் குழந்தையாகவும், ஆரியங்காவில் இளைஞனாகவும், அச்சன்கோவிலில் இல்லறத்தானாகவும் சாஸ்தா கோயில் கொண்டிருப்பதாக மரபு. தென்மலைக்கு மேல் சாலை வளைந்து வளைந்து ஏறும். அன்று பாதி வழி வண்டி எங்களைச் சுமந்தது; பாதி வழி நாங்கள் அதைத் தள்ளினோம். கழுதுருட்டியில் சாலையோரம் பதின்மூன்று கண் பாலம் என்னும் கல்வளைவுப் பாலம் நிற்கிறது. கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைத்து 1904-இல் ஓடத் தொடங்கிய மீட்டர் பாதை ரயிலுக்காகக் கட்டியது. அப்பாதை அகலப் பாதையாக மாறி 2018-இல் மீண்டும் ஓட்டம் தொடங்கியது.

ஆரியங்காவில் ஆண்டுதோறும் மார்கழியில் நடக்கும் திருமணம் ஒன்று உண்டு. மணமகன் ஐயன், மணமகள் புஷ்கலை. பெண்வீட்டார் யார் தெரியுமா? மதுரையிலிருந்து வரும் சௌராட்டிர மக்கள். திருவிதாங்கூர் அரண்மனைக்குப் பட்டு கொண்டுசென்ற மதுரை வணிகர் ஒருவர், காட்டுவழிக்கு அஞ்சித் தம் மகளை இக்கோயிலில் விட்டுச் சென்றார் என்றும், அவளை ஐயன் ஏற்றுக்கொண்டார் என்றும் மரபுக்கதை கூறும். கதை எவ்வாறாயினும், கணவாயின் நட்டநடுவில் இருபுறத்தாரும் சம்பந்திகளாகிக் கைகலக்கும் காட்சி கண்கூடு.

கோட்டைவாசலைத் தாண்டியதும் காட்சி மாறுகிறது. மேற்கே மெல்ல ஏறிய சாலை, கிழக்கே கொண்டை வளைவுகளாய்ச் சட்டென இறங்குகிறது. அடர்காடு மறைந்து புளியரையின் பச்சை வயலும் வெயிலும் எதிர்கொள்ளும். மிதித்து ஏறியவனுக்கே இம்மாற்றத்தின் அருமை தெரியும். பேருந்தில் உறங்கிச் செல்பவனுக்குத் தெரியாது. மறுபுறம் செங்கோட்டை. 1911-இல் ஆஷ் துரையைச் சுட்டுத் தானும் உயிர்துறந்த வாஞ்சிநாதன் பிறந்த ஊர். அவர் உத்தியோகம் பார்த்ததோ மலைக்கு மேற்கே, புனலூரில், திருவிதாங்கூர் வனத்துறையில். வீடு அப்புறம், வேலை இப்புறம் என்பது அக்காலத்தில் விந்தையன்று. செங்கோட்டையே அந்நாளில் திருவிதாங்கூர் அரசின் பகுதியாகத்தானே இருந்தது!

கோடு விழுந்த பின்

இங்கேதான் சிறுவனின் வினாவுக்குரிய முடிச்சு இருக்கிறது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் ஒன்பது வட்டங்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரிற்று. 1954-இல் அதற்காகக் குருதியும் சிந்தியது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும், செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகியன கேரளத்தில் நின்றன. மலை அசையவில்லை, கணவாய் அடைபடவில்லை. ஆனால் கள்ளிக்காட்டிலும் பாறசாலையிலும் இருந்த தமிழ்க் குடும்பங்கள் ஓர் இரவில் மொழிச் சிறுபான்மையினர் ஆயினர்.

நெய்யாறே இதற்குச் சான்று. பிரிவினைக்கு முன்னரே தொடங்கிய இத்திட்டத்தின் அணை 1958-இல் முடிந்தது. இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டு வயல்களுக்கும் நீர் தந்தது. 2004-இல் அந்நீர் நின்றது. 2012-இல் தமிழக அரசு உச்சநீதிமன்றத்தை நாடியது. மலைமழை அறியாத எல்லையைக் கால்வாய் அறிந்துகொண்டது.

எனினும் மனம் தளர வேண்டியதில்லை. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசோடு கடிதப் போக்குவரத்து நடத்த உரிமை அளிக்கிறது. நம்மில் எத்தனை பேர் அவ்வுரிமையைப் பயன்படுத்துகிறோம்? ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து கலைமகள் திருவுருவம் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் செல்கிறது; வழியில் நெய்யாற்றின்கரையில் தங்கிச் செல்கிறது. அது கவிச்சக்கரவர்த்தி கம்பர் வழிபட்ட திருவுருவம் என்பது மரபு. களியக்காவிளையில் இரு மாநிலக் காவலரும் மரியாதை செலுத்துகின்றனர். நம் வாயிற்படி வழியே தமிழ் ஆண்டுக்கொருமுறை நடந்து போகிறது என்று சொன்னால் மிகையாகாது.

இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள்

ஆகவே பெற்றோர்க்கும் இளைஞர்க்கும் ஒன்று வேண்டுவேன். பிள்ளைகளுக்குத் தமிழைப் புத்தகத்தில் மட்டும் காட்டாதீர்கள். அது வந்த வழியையும் காட்டுங்கள். இன்றைய மிதிவண்டிகளில் பல்சக்கரங்கள் பல உண்டு; எங்களைப்போல் தள்ள வேண்டிய தேவை குறைவு. மழை ஓய்ந்த தை, மாசி மாதங்கள் ஏற்றவை. வடக்கு வழியில் யானை நடமாட்டம் உண்டாகையால் வைகறையிலும் அந்தியிலும் காட்டுச் சாலையைத் தவிர்க்க. சரணாலயத்துள் வனத்துறையின் இசைவின்றிப் பொதுச்சாலையை விட்டு விலகற்க. இறக்கத்தில் இரு தடைகளையும் விட்டுவிட்டுப் பிடிக்க. இடைவிடாது அழுத்தினால் சக்கர வளையம் சூடேறும். பஞ்சர் ஒட்டும் பொருளும் குடிநீரும் மறவாது கொள்க.

நிற்க. அன்று கேட்ட சிறுவன் வளர்ந்து இப்போது கல்லூரி மாணவன். சென்ற தை மாதத்தில் நண்பர் இருவரோடு ஆரியங்காவு வழியே மிதிவண்டியில் சென்று, தென்காசி கடந்து, இரண்டாம் நாள் அம்பாசமுத்திரம் சேர்ந்தான். அங்கே தாமிரபரணிப் படித்துறையில் நின்று, மேற்கே தெரிந்த பொதிகையைப் பார்த்தபடி எனக்குத் தொலைபேசினான். “தாத்தா, இங்க இருந்து பாத்தா நம்ம ஊரு அந்தப் பக்கம் இருக்கு” என்றான். கள்ளிக்காட்டைத்தான் அவன் நம்ம ஊர் என்றான். “ஆமாம் தம்பி, நீ நிற்கிறதும் நம்ம ஊர்தான். வெயிலுக்கு முன்னாடி புறப்பட்டு வா” என்றேன்.